செப்புக் கிண்ணத்துக்கு அடியில் கிடந்த கோடி

புதிதாக அகழாய்வுக் குழி வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். கேட்டவர்களுக்கு என்னைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது ஒரே தடவை. அதுவும் கூரை மாற்ற. கையெழுத்துப் போடுவேன், இரண்டு தடவை போட்டால் இரண்டு ஆள் போட்ட மாதிரி இருக்கும். இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் அச்சில் ஏற்ற முடியாதென்று பாதியைத் திருத்திவிட்டாள். நல்ல வார்த்தை ஏதாவது கண்ணில் பட்டால் அது அவளுடையது.

கரண்டி பிடிப்பது, மண் நிறம் பார்ப்பது, ஓட்டுச் சில்லைக் கழுவிக் காயவைப்பது எல்லாம் உங்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். எனக்கே வந்ததே! வராத ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். குழிக்குள் ஒரு சமாசாரம் உங்கள் ஒருத்தருக்கு மட்டும் தெரிந்திருக்கும். சொன்னால் ஒரு ஆளின் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் பொருள் போகும். யோசிக்க நேரம் இருக்காது. அப்படி ஒரு காலை எனக்கு வந்தது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். கிணறு வெட்டுகிறவன். ஐம்பதுகளின் கடைசியில், உறையூருக்கு மேற்கே ஒரு மேட்டைத் தோண்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் நாளே என் திறமையைக் காட்டிவிடுவதென்று, பொழுது சாய்வதற்குள் ஆள் உயரம் இறக்கிவிட்டேன். பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தால் வேலையை நடத்துகிற ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏம்ப்பா, ஐந்நூறு வருஷத்தை ஒரே நாள்ல தூக்கிக் கொட்டிட்டியே."

"இன்னும் கொட்டணுமாங்க?" என்று கேட்டேன்.

வேறு ஆளாக இருந்தால் விரட்டியிருப்பார். அவர் சிரிக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. மறுநாள் என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு ஒரு கொத்துக் கரண்டியைக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குப் பேரே கரண்டி. கொஞ்ச நாள் கழித்து, பளபளவென்று ஒரு முத்து கிடைத்ததென்று மேடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். அது கோலி சோடா குண்டு. அதையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு நாள் பழசாகும், பத்திரமா வச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதர். பெயர் வேண்டாம், ஆபீசர் என்றே இருக்கட்டும்.

அவர் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார். குழியில் கிடைக்கும் பொருளை எல்லாம் சாயங்காலம் ஜீப்பில் அங்கே கொண்டுபோய் ரேழியில் அடுக்குவோம். ஒரு நாள் நான் மூடி போடாமல் வைத்த கூடையிலிருந்து ஒரு மண்டையோடு, கோலம் போட வந்த வீட்டுக்கார அம்மாளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"சார், இது பெருமாளுக்குத் தளிகை பண்ற க்ருஹம். ஓடு கொண்டு வாங்கோ, பானை கொண்டு வாங்கோ. ப்ரேதத்தோட சம்பந்தப்பட்டது ஒரு துரும்புகூட உள்ளே வரப்படாது."

அதற்கப்புறம் எலும்போடு கிடைக்கிற எதையும் எடுத்துப்போக இடம் இல்லை. குழியிலேயே வைத்து, குழியிலேயே பார்க்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணியைப் பற்றி ஆபீசர் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். கிழக்கே கடற்கரையிலிருந்து காவேரியை ஒட்டியே ஒரு பழைய வண்டிப் பாதை உறையூருக்கு வந்து, கரூர் தாண்டி மேற்கே மலைக் கணவாய் வரைக்கும் போனதாம். இந்த ஊரில் நெய்த துணி அந்தப் பாதையில் போய்க் கப்பல் ஏறியிருக்கிறது. கடலுக்கு அப்பால் பாலைவன மண்ணில் நம் நாட்டுப் பருத்தித் துணி கிழிசல் கிழிசலாகக் கிடைக்கிறதாம். அங்கே மண் காய்ந்த மண். துணியை அப்படியே வைத்திருக்கும். இங்கே ஈரமும் கரையானும். நெய்த ஊரில் ஒரு நூல் கிடையாது.

"எங்க வீட்டுக் குடை மாதிரிங்க. ஊரெல்லாம் இருக்கு, எங்க வீட்ல இல்ல" என்றேன்.

"ஒரே ஒரு நூல் கெடச்சாப் போதும்ப்பா. என் சர்வீஸ் முடியறதுக்குள்ள ஒண்ணு" என்றார். கேலிக்குச் சிரிக்கிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதம் அது கிடைத்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சமயபுரம் தேருக்குப் பாதி ஆட்கள் போய்விட்டார்கள். நான், செத்தவர்களை வைத்துப் புதைக்கிற ஒரு பெரிய தாழியின் உள்மண்ணை வழித்துக்கொண்டிருந்தேன். கரண்டியில் பச்சையாகக் களிம்பு தட்டியது. கவிழ்த்து வைத்த செப்புக் கிண்ணம். விளிம்பு உடைந்திருந்தது. ஆபீசரே இறங்கி, அரை நாள் தூரிகையால் தட்டித் தட்டி, உடைந்த துண்டை மட்டும் தூக்கினார்; மீதிக் கிண்ணம் அப்படியே கவிழ்ந்திருந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையும் சேறுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். குறுக்கும் நெடுக்குமாக இழை.

"செம்புக் களிம்பு ஏறினதால பூச்சி தின்னலப்பா" என்றார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

துணிக்குக் கீழே எலும்பு இருந்தது. என் சுண்டு விரலை விட மெல்லிய விலா எலும்புகள். பால்குடிப் பிள்ளை.

மெட்ராஸில் இருந்த ரசாயன நிபுணருக்குத் தந்தி போயிற்று. நாளை மறுநாள் காலை ரயிலில் வருகிறேன் என்று பதில் வந்தது. எலும்போடு இருப்பதால் வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது; அதுவரைக்கும் துணி குழியிலேயே உயிரோடு இருக்க வேண்டும். வெயில் பட்டால் சாம்பல். தண்ணீர் பட்டால் கூழ். சுற்றிலும் மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காற்று மட்டும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றார் ஆபீசர். சாக்கு காயாமல் தண்ணீர் தெளிக்க, அவசரப்படாத கையாக ஒரு ஆள் வேண்டும். அவரே செல்லம்மாவைக் கூப்பிட்டார்.

செல்லம்மா வையம்பட்டிப் பக்கத்துக்காரி. மழை பொய்த்துப் புருஷனோடு திருச்சிக்கு வந்தவள். அவன் பொன்மலைப் பக்கம் வேலை தேடிப் போவதும் வருவதுமாக இருந்தான்; போவதுதான் அதிகம். மண் கூடை சுமக்கிற பெண்களில் அவள் ஒருத்திதான் கூடையைக் கொட்டும்போது தூசி எழும்பாது. அதனால்தான் அவளைச் சொன்னார். அவர் செய்தது சரிதான். இன்றைக்கும் நான் அவளைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவளுக்கு அதற்கு முந்தின மாதம்தான் ஆறு மாதப் பெண் குழந்தை ஒன்று வாந்தி பேதியில் போயிருந்தது. குழி ஆட்கள் நாங்கள்தான் காவேரிக் கரையில் கொண்டுபோய்ப் புதைத்தோம். பிள்ளை செத்தால் தாய்மாமன் வீட்டிலிருந்து கோடி, அதாவது போர்த்திப் புதைக்கப் புதுத் துணி, வர வேண்டும். வையம்பட்டியில் இருக்கிற அண்ணனுக்கு ஆள் போனது. அவன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று போனவள் என்று பழைய கோபம், வரவில்லை. பிற்பகல் வரைக்கும் காத்திருந்துவிட்டு, அவளுடைய பழைய புடவையில் கிழித்துச் சுற்றி உள்ளே இறக்கினோம். அவள் அன்றைக்குப் பெரிதாக அழவில்லை. "கோடி இல்லாமப் போகுதே, கோடி இல்லாமப் போகுதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு வேலைக்கு வந்துவிட்டாள். வராமல் என்ன சாப்பிடுவது?

தாழியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அண்ணே, அந்தப் புள்ளை மேல கெடக்குறது கோடியா?"

"யாரு கண்டா? ஆயிரம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின சமாசாரம்."

"கோடியாத்தான் இருக்கும். புதுத் துணி மாதிரி எழை நெருக்கமா இருக்குதுல்ல." கொஞ்சம் பொறுத்து, "இதுக்கு மாமன் வந்திருக்கான்" என்றாள்.

சாக்கை நனைக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை ஆபீசர் தந்தி ஆபீசுக்கும் பஞ்சு, ஸ்பிரிட் வாங்கவும் போய்விட்டார். என்னை ஸ்ரீரங்கத்துக்கு, அவர் அறையிலிருந்து மரப்பெட்டிகளை எடுத்துவர அனுப்பினார். சாப்பாட்டு வேளையில் காவல்காரரும் டீக்கடைக்குப் போயிருக்கிறார். நான் பெட்டியோடு திரும்பியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. சாக்கு சொட்டச் சொட்ட ஈரம். கீற்றுக்கடியில் குளுகுளுவென்று நிழல். செல்லம்மா செம்போடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பாராட்டிவிட்டு, "எனக்கும் இந்த மாதிரி ஒரு சாக்கு கட்டிவிட்டா நானும் ரெண்டாயிரம் வருஷம் இருப்பேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. துணியைக் குனிந்து பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. யாரும் தொடாத பொருளை எதற்காகப் பார்ப்பது?

அடுத்த நாள் காலை நிபுணர் வந்தார். வெள்ளை பேண்ட், கறுப்புப் பெட்டி. ஜங்ஷனில் இறங்கி நேரே குழிக்கு. பல்கூட அங்கேதான் விளக்கினார். தொழிலில் அப்படி ஒரு வேகம். நானும் ஆபீசரும் ஆளுக்கொரு பக்கம் சாக்கைப் பிடித்துக்கொண்டோம். அவர் குப்புறப் படுத்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"சார், இதுல மஞ்சள் கலர் இருக்கே. நீங்க தந்தியில சொல்லலையே?"

ஆபீசர் எட்டிப் பார்த்தார். "முந்தாநாள் சேறா இருந்தது. இப்ப சேறு கொஞ்சம் இறங்கியிருக்கு போல."

நிபுணர் ஒரு ஓரத்தில் பிரிந்து கிடந்த இழைத் துணுக்கை ஊசியால் எடுத்து, சின்னக் கிண்ணியில் வைத்து, சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். சிவந்தது. ஆரத்தித் தட்டில் நம் வீட்டுப் பெண்கள் தினம் பார்க்கிற சிவப்பு.

"மஞ்சள்தான்" என்றார் நிபுணர். "சாதாரணமா இத்தனை காலம் நிக்காது. ஆனா இந்தக் களிம்பு காப்பாத்தியிருக்கலாம். சார், சாயம் போட்ட துணி. உங்களுக்குத் துணியும் கெடச்சிருக்கு, சாயமும் கெடச்சிருக்கு."

ஆபீசர் என் தோளைப் பிடித்தார். பிடித்த கை விடவே இல்லை. நாலு வருடமாக அவரோடு இருக்கிறேன். அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

நிபுணர் ஏற்பாட்டைச் சொன்னார். சாயம் இருப்பதால் இனி இதன்மேல் ஈரமே ஆகாது. சாக்கை எல்லாம் எடுத்துவிட்டு, ஸ்பிரிட் தடவி மளமளவென்று காயவைத்து, மேலே பசை பூசி, ஒரே பாளமாக எடுத்துவிட வேண்டியது. ஆபீசர் மெட்ராஸுக்கு என்ன தந்தி கொடுப்பதென்று யோசித்துக்கொண்டே மேலே ஏறினார்.

இப்போது என் சங்கடத்தைக் கேளுங்கள். முந்தாநாள் அந்தத் துணிக்கு முன்னால் நான் கண்ணாடியை வைத்துக்கொண்டு கிடந்தவன். மஞ்சள் இல்லை. சேறு மறைத்திருக்கலாம் என்றார்கள், படித்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சோடா குண்டை முத்து என்றவன் நான். என் கண்ணை நானே நம்ப மாட்டேன். ஆனால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இன்னொன்றைப் பார்த்தேன். மஞ்சள் துணியோடு நிற்கவில்லை. துணி முடிகிற இடம் தாண்டி, பக்கத்து மண்ணிலும் ஒரு விலா எலும்பின் மேலும் நேர்கோடாக, ஓரம் மடித்த மாதிரி ஓடியிருந்தது. அவர்கள் இருவரும் துணியை மட்டும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் யார்தான் வேறு எதைப் பார்ப்பார்கள்?

ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கிறார் நிபுணர். நான், "தண்ணி குடிச்சிட்டு வரேங்க" என்று மேலே ஏறினேன். செல்லம்மா மண் சலிக்கிற சல்லடைப் பக்கம் நின்றாள். என்னைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கையக் காட்டு."

"எதுக்குண்ணே?"

"காட்டு செல்லம்மா. நேரமில்ல."

காட்டினாள். ரேகையிலும் நகக்கண்ணிலும் மஞ்சள்.

"குளிக்கிறப்ப பூசினது" என்றாள். உடனே, "இல்லண்ணே" என்றாள். அவளால் இரண்டு வார்த்தைக்கு மேல் பொய்யைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை.

"என்ன பண்ணின?"

"ஒரு ரவிக்கைத் துணி வச்சிருந்தேன். தைக்காதது. மஞ்சத் தண்ணியில நனச்சு அந்தப் புள்ளை மேல போட்டேன். கொஞ்ச நேரந்தான். காவக்காரரு வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்."

"அதுக்குத்தான் ஏற்கெனவே கோடி இருக்குதே! நீ எதுக்குப் போட்ட?"

"அதுக்கு இருக்குதுண்ணே." அவள் என்னைப் பார்க்காமல் சல்லடையைப் பார்த்துச் சொன்னாள். "எம்புள்ளைக்குத்தானே இல்ல. நானே போட்டா அது கோடியா? மாமன் வீட்டுலேருந்துல்ல வரணும். இந்தப் புள்ளைக்கு மாமன் போட்ட கோடி மேல படட்டும்னு வச்சேன். பட்டதை எடுத்துக்கிட்டுப் போயி, சாயங்காலம் கரையில எம்புள்ளைக்குப் போட்டுட்டு வந்தேன். மாமன் வீட்டுலேருந்து வந்த மாதிரி ஆச்சுல்ல?"

நான் குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"தொட்டா என்ன ஆகும்னு சொல்லலையா உனக்கு?"

"தண்ணி படக் கூடாதுன்னாங்க. நான் பிழிஞ்சிட்டுத்தாண்ணே போட்டேன்."

கீழே பஞ்சைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. புதுசாக ஈரம் குடித்து ஊறிப்போன இழை அது. அதில் ஸ்பிரிட்டைத் தடவி வேகமாகக் காயவைத்தால் என்ன ஆகுமென்று எனக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் ஊறின மண்சுவரைச் சட்டென்று காயவிட்டால் பாளம் பாளமாக விழும் என்று கிணறு வெட்டுகிறவனுக்குத் தெரியும். அது ஒன்று. இன்னொன்று, நேற்றைய மஞ்சளை ரெண்டாயிரம் வருடத்து மஞ்சள் என்று ஆபீசர் எழுதப் போகிறார். அவர் சொன்னால் நாலு பேர் நம்புவார்கள். மறுபக்கம் செல்லம்மா நிற்கிறாள். சொன்னால் இந்த வேலை அவளுக்கு இல்லை. திருச்சியில் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

"சொல்லிடாதண்ணே" என்றாள்.

நான் ஆபீசரிடம் போனேன். ஜீப் அருகில் தந்திக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த மஞ்சள் நம்ம மஞ்சள்" என்றேன்.

பேனா நின்றது. முழுவதும் சொன்னேன். என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் குழியைப் பார்த்து, "பாட்டிலை மூடுங்க, ஒண்ணும் தடவாதீங்க!" என்று கத்தினார். பிறகு செல்லம்மாவிடம் போனார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிற பாடத்தில் பாதி, அப்புறம் அவர் செய்ததுதான். அவர் திட்டவில்லை. ஏன் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். இடது கையை விரித்து நீட்டினார்.

"இதுதான் அந்தப் புள்ளைன்னு வச்சுக்கம்மா. எப்படிப் போட்ட, எந்தப் பக்கத்துலேருந்து எடுத்த, அப்படியே காட்டு."

அவள் அழுதுகொண்டே கைக்குட்டையை மடித்து, அவர் உள்ளங்கை மேல் விரித்து, மணிக்கட்டுப் பக்கம் மெல்ல அழுத்தினாள். சுண்டு விரல் பக்கத்திலிருந்து தூக்கினாள்.

"கிண்ணத்துக்கு அடியில கை போச்சா?"

"இல்லீங்கையா. அங்க எட்டல."

"அது போதும்" என்றார்.

எது அவள் தொட்ட இடம், எது தொடாத இடம் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. திட்டியிருந்தால் அவள் வாயே திறந்திருக்க மாட்டாள். ஒரு தப்பு நடந்துவிட்டால் முதலில் தேவைப்படுவது தப்பு செய்தவரின் வாய். அதைப் பயமுறுத்தி மூடிவிடாதீர்கள்.

நிபுணர் கொதித்துப் போனார். "காமன் சென்ஸ் வேணாமா சார்? ஒரு கூலிப் பொம்பளையை நம்பி விட்டுட்டுப் போவீங்களா?" என்று குழிக்குள்ளிருந்தே கத்தினார்.

"நம்பினது நான். அதை என் தலையில எழுதிக்குங்க" என்றார் ஆபீசர்.

மஞ்சள் பட்ட பகுதியைக் காப்பாற்ற அந்த நாள் முழுக்கப் பார்த்தார்கள். நிழலிலேயே மெல்ல மெல்ல உலரவிட்டார்கள். தூரிகை நுனி பட்டதும் பொடியாகி எலும்பின் மேல் விழுந்தது. மூக்குப்பொடி மாதிரி. நான் மூச்சைக்கூட வேறு பக்கம் திரும்பி விட்டேன். கிண்ண விளிம்புக்கு உட்பக்கம், அவள் கை எட்டாத இடத்தில் இருந்ததை மட்டும் மண்ணோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்தார்கள். அதில் மஞ்சள் இல்லை. சாயம் எதுவும் இல்லை. வெறும் பருத்தி.

"இதுதான் உண்மை. எது அவங்க காலத்து அழுக்கு, எது நம்ம காலத்து அழுக்குன்னு பிரிக்கத்தான் நாம இருக்கோம்" என்றார் ஆபீசர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கிழித்துப்போட்ட தந்திக் காகிதத்தைக் காலால் மண்ணுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் நடந்தது எல்லாவற்றையும் மேலிடத்துக்கு எழுதினார். செல்லம்மாவின் பெயரை எழுதவில்லை. 'என் கவனக்குறைவால்' என்றே எழுதினார். நிபுணர் எழுதினதில் அவள் பெயர் இருந்தது. சித்திரை முடிவதற்குள் உத்தரவு வந்தது. பெண்கள் யாரும் குழிப் பக்கம் வரக்கூடாது. சம்பந்தப்பட்டவளை நிறுத்த வேண்டும். ஆபீசர் ஒரு தடவை நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். திரும்பி வந்தபோது இன்னொரு உத்தரவும் வந்திருந்தது. அந்த மேட்டுக்கு வேறு ஆபீசர். இவர் எங்கோ வடக்கே ஒரு ஆபீசில் மேஜை வேலைக்குப் போனார். அதற்கப்புறம் அவர் எங்கும் தோண்டவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் என்னைக் கேட்பீர்கள்: இதே மாதிரி வந்தால் சொல்வதா, வேண்டாமா? சொல்லுங்கள். அன்றைக்கே, அந்த நிமிஷமே சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளினால் பொய்க்கு வேர் பிடித்துவிடும். அதற்குமேல் நம் கரண்டியால் ஆகாது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். யார் தலையில் அது விழும் என்று தெரிந்தே சொல்லுங்கள். விழுகிற இடத்தில் நீங்களும் போய் நில்லுங்கள். நான் நின்றேனா என்றால், நின்றேன். என் மேல் யாரும் எந்தப் பழியும் போடவில்லை. நான் கரண்டிதானே, என்னை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

செல்லம்மாவுக்குக் கடைசி நாள். கூடையையும் சும்மாட்டுத் துணியையும் ஒப்படைக்க என்னிடம் வந்தாள். என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள், ஸ்ரீரங்கத்தில் ரெண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் கேட்கிறார்கள் என்று. அதைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"அண்ணே, நீ சொல்லாம இருந்திருந்தா அந்தத் துணி என்னாயிருக்கும்?"

"முழுசும் போயிருக்கும்."

"சொன்னதுனால?"

"கொஞ்சம் நின்னுது."

"எவ்ளோ?"

என் சுண்டு விரலை நீட்டி, நகத்தைக் காட்டினேன்.

அவள் குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்தாள். நகத்தில் மண் இருந்தது. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இதுக்காண்ணே?"

குழிக்குள்ளிருந்து புது ஆபீசர், "யாருய்யா அங்க, கரண்டியைக் கூப்பிடு" என்று குரல் கொடுத்தார். நான் இறங்கிவிட்டேன்.